ஆமைக்கு அடியில் இரண்டு பிஸ்கோத்து டின்

செமி ப்ளோட்டிங் அச்சு உள்ள மோட்டார் காடி ஆற்றில் இறங்கினால் பாதிதான் மிதக்கும், மீதிப் பாதி முழுகிப்போகும் என்று பத்து வயதில் நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிற அளவுக்கு நம்பினேன். லோரிக்கு புல் ப்ளோட்டிங் என்று தெரிந்ததும், வெள்ளம் வந்தால் லோரியில் எங்கள் வீட்டுக் கோழிகளை எந்த மூலையில் வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், குற்றம் உங்கள் பேரில்தான். போன வாரம் நம் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். சிரம்பான் பக்கம் ராசாவில் என் கடைக்கு வந்திருக்கும் பழைய காடியின் பின்பக்க அடிவயிறு. "இது என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் ஒருவன் "பானை" என்றான். இன்னொருவன் "தேங்காடா மடையா, கண்ணாடிய போட்டுட்டு பாரு" என்றான். கோலா கிளாவாங்கில் பேரன் பேத்தியோடு இருக்கிற ஒருவன் "மூடி டின் லா" என்று மூன்று தடவை அனுப்பினான். அத்தோடு விட்டிருக்கலாம். நம் ஆஸ்பத்திரி டிரஸர் மகன் வந்து, "பத்து வயசுலயே அச்சப் பாத்து ஆபத்தச் சொன்ன ஆளு அவன். அவன்கிட்டயே கேளுங்க" என்று எழுதி, கும்பிடுகிற கை ஏழெட்டு வைத்தான்.

இத்தனை வருடம் வாங்கிய கும்பிடு போதும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பானை, தேங்காய் சமாச்சாரம். நம் வீட்டுக்காரம்மாக்கள் இதைப் படித்துவிட்டு, ஏதோ கல்யாண விருந்துக்குச் சாமான் பட்டியல் என்று நினைத்துவிடக் கூடாது.

லிங்கி போகிற செம்மண் ரோட்டில், ரப்பர் பால் காய்ச்சுகிற ஸ்டோருக்குக் கீழே ஒரு பலகைப் பாலம் இருந்தது. வெயில் காலத்தில் அதன் அடியில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது. பள்ளிக்கூடம் விட்டதும் நாம் எல்லாரும் அந்த மணல் திட்டில் மல்லாந்து படுத்துக்கொள்வோம். பலகைகளுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி. மேலே காடி போகும்போது ஒரு கணம் அதன் வயிறு தெரியும். ஊருக்கெல்லாம் காடியின் முகம் தெரியும், நமக்கு மட்டும் வயிறு தெரியும். கூடவே ஒரு பிடி செம்மண்ணும் ஒரு சொட்டுக் கறுப்பு எண்ணெயும் கண்ணில் விழும். அந்த எண்ணெய் வாசனையை மோந்துவிட்டு வீட்டுக்குப் போய், "பள்ளிக்கூடத்துல விளையாட்டு" என்று அம்மாவிடம் சொல்வோம்.

பின் சக்கரம் இரண்டுக்கும் குறுக்கே ஒரு இரும்புக் குழாய். அதன் நடுவில் பல்சக்கரம் இருக்கும் வீக்கம். அந்த வீக்கத்துக்குத்தான் நாம் பேர் வைத்தோம். பின்னால் வழவழவென்று உருண்டு, ஒரு போல்ட்டும் இல்லாமல் இருந்தால் பானை. பின்பக்கம் தட்டையாக ஒரு மூடியும், மூடியைச் சுற்றிப் போல்ட்டும் இருந்தால் மூடி டின். நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடி, இரண்டு பாதியைச் சேர்த்து முடுக்கியது போலிருந்தால் தேங்காய். சொன்னது சரியென்றால் பத்து ரப்பர் விதை, தப்பென்றால் தலையில் குட்டு. என் தலை இன்றைக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் தட்டைதான், கவனித்திருப்பீர்கள்.

நம் தோட்டத்தில் ஆமை இரண்டு. முதுகு உருண்ட அந்த இங்கிலீஷ் காடியை எல்லாருமே ஆமை என்றுதான் சொல்வோம். ஒன்று தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியுடையது, சாம்பல் நிறம். இன்னொன்று ஆஸ்பத்திரி பார்க்கிற டிரஸருடையது, பச்சை. மேலே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அடியில் பார்த்தால் டிரஸர் ஆமைக்குப் பானை, கிராணி ஆமைக்குத் தேங்காய். செய்த வருடம் வேறு, அதனால் அச்சு வேறு. இது பாலத்துக்கு அடியில் படுத்த பதினோரு பேருக்கும் தெரியும். பாலத்துக்கு மேலே நடந்த ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த மழைக் காலத்தில்தான் அக்காவுக்குக் கடிதம் வந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நம் பேச்சில் மிஸ்ஸி, வேலைப் பயிற்சிக்கு நேர்முகம், காலை பத்து மணி. அக்கா அதை மடித்து மடித்துப் படித்ததில் மடிப்பு கிழிந்து, கஞ்சி வைத்து ஒட்டினாள். அம்மாவுக்குக் கை மணிக்கட்டு வீங்கி, பாலுக்கு மரம் வெட்டப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்பா கெட்டவர் இல்லை, கணக்காகப் பேசுகிறவர்.

"இன்டர்வியூக்குப் போ, வேணாங்கல. கெடைக்கலன்னா ஒண்ணாந்தேதி பெரட்டுல உன் பேரக் குடுத்துருவேன். அம்மா வெட்டுற மர நெரை சும்மா கெடக்கு" என்றார்.

பெரட்டில், விடிகாலை எடுக்கும் தோட்டத்து ஆள் கணக்கில், ஒருமுறை பேர் ஏறினால் இறங்காது என்பது அக்காவுக்குத் தெரியும். அவள் வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டாள்.

முதல் பஸ் சிரம்பான் சேர மணி பதினொன்று ஆகும். கிராணிக்கு அதே நாளில் டவுனில் வேலை இருந்தது. "பிள்ள நம்ம காடியில வரட்டும், தொணைக்குப் பொடியனையும் அனுப்பு" என்றார். துணை என்றால் நான். வயசுப் பெண்ணுக்குக் காவலாக, கால்சட்டைக்குப் பொத்தான் இல்லாத நான்.

இரண்டு நாள் முன்னால், என் விளையாட்டு வண்டிக்கு அச்சாணி வாங்க நான் ஒர்க்‌ஷாப் பக்கம் போனேன். நம் போர்மேன் கிராணி ஆமையின் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டி முடித்திருந்தார். பால் லோரி டிரைவர் பக்கத்தில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பேரிங் வளையம் எங்க வாங்குன?"

"ராசாவுல பழைய இரும்புக் கடையில. ஆமைக்கு ஒரு வளையம்னேன், எடுத்துக் குடுத்தான்."

"எந்த ஆமைக்கு?"

"ஆமைன்னா ஆமைதான்லா. டிரஸர் காடிக்குப் போட்ட அதே வளையந்தான். கொஞ்சம் லூசா இருந்திச்சு, ரெண்டு தட்டு தட்டி எறக்கிட்டேன். நிக்கும்."

"நிக்கலன்னா?"

"நிக்கலன்னா சூசாதான், ஆபத்துதான். ஒன் லோரி புல் ப்ளோட்டிங், ஒனக்குக் கவலையில்ல. இது செமி ப்ளோட்டிங்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் எனக்கே என் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. கிராணி ஆமை தேங்காய், டிரஸர் ஆமை பானை, ஒன்றின் வளையம் மற்றதற்குச் சேராது. இதைச் சொல்ல அந்த ஒர்க்‌ஷாப்பில் தகுதியான ஒரே ஆள் நான்தான். பெரியவர்கள் பேசும்போது நடுவில் வாய் வைத்தால் ரோத்தான் பிரம்படி விழும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். என் மண்டையில் தங்கியது கடைசி வார்த்தை மட்டும்தான்.

நேராக டிரஸர் மகனிடம் ஓடினேன். அவன் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிறவன்.

"டேய், ப்ளோட்னா என்னாடா?"

"மெதக்கறது."

"செமின்னா?"

"பாதி."

மொழிபெயர்ப்பில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் நீங்கள் அகராதியைப் புரட்டிப் பார்க்கலாம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆறு பாலத்தை எட்டிப் பிடிக்கப் போகிறது என்று லயத்து வீடுகளே பேசிக்கொண்டிருந்தன. பாதி மிதக்கிற காடியில், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையோடு என் அக்கா. எந்தப் பாதி முழுகும் என்று யோசித்தேன். முன்னால் கிராணி உட்காருவார், கனத்த ஆள். இருந்தாலும் பின்னாலிருக்கும் அச்சுதான் செமி. ஆக, பின் சீட். அங்கேதான் நாங்கள்.

மறுநாள் மத்தியானம், கிராணி வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம், இரண்டு காலி பிஸ்கோத்து டின்னோடு காடிக் கொட்டகைக்குள் ஊர்ந்தேன். மூடிகளுக்குள் தண்ணீர் போகாதபடி சுற்றிலும் ரப்பர் பால் தடவிக் காய வைத்திருந்தேன். வாசனை தாங்க முடியவில்லை, ஒட்டுப்பால் நாற்றமும் பழைய பிஸ்கோத்து வாசனையும் கலந்து. மரத்தில் பால் கோப்பை கட்டுகிற கம்பியால் அச்சுக் குழாயின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கட்டினேன். பாதிக்குப் பாதி சேர்த்தால் முழுசு. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் வாங்கிய ஒரே முழு மதிப்பெண் அதுதான், அதையும் நானே போட்டுக்கொண்டேன்.

கட்டும்போது இடது சக்கரத்தின் உள்பக்கம் புது எண்ணெய் வழிந்து பளபளவென்றிருந்தது. கம்பி வழுக்கியது. அதனால் சட்டை நுனியால் நன்றாகத் துடைத்துவிட்டேன். இன்றைக்கு யாராவது ஒரு பழைய காடியைக் கொண்டுவந்தால் நான் முதலில் தேடுவது, வளையம் விடப் போகிறது என்று சொல்லும் அந்த எண்ணெயைத்தான். அன்றைக்கு அதை அழித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த நாள் காலையில் கிளம்பினோம். மழை விட்டிருந்தது. கிராணி வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, தலையில் எண்ணெய். அக்கா மடியில் கடிதம். நான் கதவு ஓரம், வாய்க்குள் முருகன் பேர்.

லயத்தைத் தாண்டிச் செம்மண் மேட்டில் ஏறியதும் சத்தம் தொடங்கியது. டங். டங். டடங்.

"என்னாது சத்தம்?" என்றார் கிராணி.

"கல்லு அடிக்குது சார்" என்றேன்.

"இவ்ளோ பெரிய கல்லா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பத்து வருடம் என்னோடு ஒரே பாயில் படுத்தவள். என் காது சிவந்தால் அவளுக்குப் போதும்.

"என்னாடா பண்ணுன?"

"ஒண்ணும் இல்லக்கா."

டடங் டடங் டடங். கம்பி தளர்ந்து டின் அச்சில் மோதிக்கொண்டே வந்தது. எனக்குப் பாலம் வருவதற்குள் டின் அவிழ்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. "சார், மெதுவா போங்க சார், அவுந்துரும்" என்று வாய் தவறி உளறிவிட்டேன்.

"எது அவுந்துரும்?"

கிராணி காடியை ஓரங்கட்டினார். பாலத்துக்குப் போகும் அந்தக் கடைசி இறக்கத்துக்கு மேலே, வளைவு தொடங்கும் இடத்தில். சாக்கை விரித்து, கழுத்துப் பட்டியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, முட்டி போட்டுக் குனிந்தார்.

"அலாமாக்! எவன்டா எங்காடிக்கு அடியில பிஸ்கோத்து டின்ன கட்டுனது?"

நான் அழத் தொடங்கினேன். எட்டு ஊருக்குக் கேட்கும் அழுகை. "நான்தான் சார். செமி ப்ளோட்டிங் சார். அக்கா இருக்காங்க சார். செமி ப்ளோட்டிங்…" அதற்கு மேல் மூக்கு அடைத்துக்கொண்டது.

கிராணி குனிந்தபடியே இருந்தார். பிறகு கையை நீட்டி இடது சக்கரத்தைத் தொட்டார். எழுந்தபோது அவர் முகம் சட்டை நிறத்துக்கு வந்திருந்தது. சக்கரம், உள்ளே இருக்கும் தண்டையும் இழுத்துக்கொண்டு, இரண்டு விரல் அகலம் வெளியே வந்திருந்தது. வளையம் நிற்கவில்லை. செமி ப்ளோட்டிங் அச்சில் அந்தத் தண்டுதான் வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது, சக்கரத்தையும் பிடித்துக்கொள்கிறது. வளையம் விட்டால் தண்டு வரும், தண்டு வந்தால் சக்கரமும் கூடவே போய்விடும். லோரிக்கு அப்படி இல்லை, அதில் பாரம் குழாயின் மேல் இருக்கிறது, தண்டு சும்மா சுற்றத்தான். போர்மேன் சொன்ன மிதப்புக்கு இதுதான் அர்த்தம். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கிராணி இங்கிலீஷ் படித்தவர். அவருக்கு அர்த்தம் தெரியும். அதுதான் எனக்கு வந்த யோகம்.

"செமி ப்ளோட்டிங்… சக்கரம் கழண்டுரும்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "பெரியவங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்கன்னு, சத்தம் வர்ற மாதிரி டின்ன கட்டியிருக்க. டேய், நீ பொடியன் இல்லடா, இஞ்சினியரு!"

நான் மூக்கை உறிஞ்சினேன். அவர் அதைத் தலையாட்டியதாக எடுத்துக்கொண்டார்.

அக்கா மட்டும் கீழே குனிந்து டின்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு, "சார், மணி என்னா?" என்றாள்.

எட்டே முக்கால். கிராணி மேட்டை நோக்கிக் கையை ஆட்டினார். ஸ்டோரிலிருந்து பால் லோரி இறங்கி வந்துகொண்டிருந்தது.

"என்னா மிஸ்ஸி, இன்னும் வேலையே கெடைக்கல, அதுக்குள்ள வெள்ளப் பொடவையா?" என்றார் டிரைவர். "ஏறும்மா, ஏறு. பால் கொஞ்சம் நாறும், கண்டுக்காத."

"நாறட்டும் அண்ணே. பத்து மணிக்குள்ள கொண்டுபோய் விட்டுருங்க" என்று அக்கா ஏறிக்கொண்டாள். நான் நடுவில் உட்கார்ந்தேன். புல் ப்ளோட்டிங்! எனக்குக் கவலையே இல்லை. பாலம் நெருங்கியதும் எட்டிப் பார்த்தேன், லோரி எப்படி மிதக்கப் போகிறது என்று. ஆறு வடிந்து போயிருந்தது. பலகைக்குக் கீழே நான்கு அடியில் சாந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நேர்முகத்தில் மேட்ரன் மூக்கைச் சுளித்து, என்ன வாடை என்று கேட்டாராம். அக்கா தெரிந்த இங்கிலீஷில் சக்கரம், டின், தம்பி, பால் லோரி எல்லாவற்றையும் சொன்னாளாம். நீ பதறவில்லையா என்று கேட்டாராம். "தம்பி பதறிட்டான், ஒரு வீட்டுக்கு ஒருத்தர் பதறினாப் போதும் மேடம்" என்றாளாம். ஒன்றாம் தேதிக்கு முன்னால் கடிதம் வந்தது. அப்பா பெரட்டில் யார் பேரையும் கொடுக்கவில்லை.

என் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. கிராணி தோட்டம் முழுக்கச் சொன்னார். தலைமையாசிரியர் என்னை வரிசைக்கு முன்னால் நிற்க வைத்தார். படிப்பு முடிந்ததும் கிராணி எழுதிக் கொடுத்த கடிதத்தோடு தொழிற்பள்ளிக்குப் போனேன். இப்போது ராசாவில் பழைய காடிகளுக்குச் சாமான் தேடிக் கொடுக்கிற கடை. வருகிறவர்களிடம், "காடி பேரச் சொல்லாதீங்க, வயித்தக் காட்டுங்க" என்றுதான் சொல்வேன். பூமியில் முதுகு பட மல்லாந்து, சேற்றுக்குள் விரலை விட்டு, போல்ட் இருக்கிறதா, கோடு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். வாடிக்கைக்காரர்கள் இதை அனுபவம் என்கிறார்கள்.

படத்தில் உள்ள காடி அக்காவுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய ஆமையை வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் அதிலேயே லிங்கிக்கு ஓட்டிக்கொண்டு போகப் போகிறாளாம், வேண்டுமானால் நானும் துணைக்கு வரலாமாம். டிரஸர் மகனுடைய கும்பிடைப் பார்த்த அன்று சாயங்காலம், அவள் கடைக்கு வந்தபோது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மிதப்பது, முழுகுவது, பாதிக்குப் பாதி, எல்லாம்.

அவள் தேநீரை ஊதிக் குடித்துவிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றாள்.

"எப்படிக்கா?"

"மூடியச் சுத்தி ரப்பர் பால் தடவியிருந்த. சத்தம் வர்றதுக்கு எவன்டா மூடிய ஒட்டுவான்?"

"அப்ப ஏன் சொல்லல?"

"இஞ்சினியர்னு சொன்னாரு. ஒன் மூஞ்சியப் பாத்தேன். சரி, ஆகட்டுமேன்னு விட்டுட்டேன்." எழுந்து தன் ஆமைக்கு அடியில் குனிந்தாள். "இது என்னாடா, தேங்காயா?"

தேங்காய்தான். பானை என்றவனும் மூடி டின் என்றவனும் தேங்காய் என்றவனுக்கு ஆளுக்குப் பத்து ரப்பர் விதை அனுப்பி வைக்கவும், குட்டு நேரில்.

மற்றபடி அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். பாலத்தின் மேல் தண்ணீர் ஏறவில்லை. டின் தளர்ந்து சத்தம் போட்டது. கிராணி குனிந்து பார்த்தார். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பால் லோரி சிரம்பானில் நின்றது, அக்கா புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.